ஏழாம் எண்ணின் கடிகாரம்

இந்த அறைக் கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், தொழில் பழக்கம். எந்த அறைக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் சுவர்க் கடிகாரத்தைத் தேடும், பிறகு என் கைக்கடிகாரத்தைப் பார்க்கும், அதற்கப்புறம்தான் இருப்பவர்களுக்கு வணக்கம் சொல்வேன். வாக்குமூலத்தின் தலைப்பில் பத்து இருபது என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து இருபத்துநான்கு என்று திருத்திவிடுங்கள்.

என்னை யாரும் பிடித்து வரவில்லை. நானாகவே வந்தேன். உங்கள் விசாரணை அறிக்கையை நேற்று படித்தேன். நல்ல நடை, எழுத்துப்பிழைகூட அதிகம் இல்லை. ஆனால் பதினொன்றாம் பக்கத்தில் ஓர் எண் தவறாக இருக்கிறது. அதைத் திருத்துவதற்குக் கொஞ்சம் முன்கதை சொல்லியாக வேண்டும்.

நான் வேலை பார்த்தது ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில். வண்டி ஓட்டுபவனும் இல்லை, போன் எடுப்பவனும் இல்லை. அங்குள்ள கணினிகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று அளப்பவன். பின்னறையில் நான்கு பெரிய சர்வர்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் பத்துப் பன்னிரண்டு மெய்நிகர் இயந்திரங்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒரே வீட்டில் பன்னிரண்டு குடித்தனம், அடுப்பு ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குடித்தனமும் முழு வீடும் தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருக்கும். அடுப்பு முறை வைத்துக் கிடைக்கும். முறை வராத நேரத்தில் அந்தக் குடித்தனம் கரண்டியைத் தூக்கியது தூக்கியபடியே நிற்கும். முறை வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நடுவில் நின்றதே அதற்குத் தெரியாது. அப்படி நின்றால் அதனுள் ஓடும் கடிகாரமும் சேர்ந்து நின்றுவிடும்.

அதனால் இவற்றை இரண்டு விதமாக அளக்கலாம். இயந்திரத்துக்குள் நுழைந்து, "உனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது" என்று அதனிடமே கேட்கலாம். அல்லது வெளியே சர்வரில் நின்றுகொண்டு, அது எவ்வளவு நேரம் அடுப்புக்காகக் காத்து நின்றது என்று பார்க்கலாம். இரண்டுக்கும் கருப்புத் திரையில் ஒரே ஒரு வரி கட்டளை தட்டினால் போதும். மற்றவர்கள் வண்ணப் பொத்தான்களைச் சொடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு அந்த வேடிக்கையெல்லாம் பிடிக்காது. தட்டினால் எண் வர வேண்டும். வந்த எண்ணை நெடுவரிசையில் அடுக்க வேண்டும். அதில் கிடைக்கிற நிம்மதி எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை.

நான்கு சர்வர் தேவையில்லை, இரண்டே போதும் என்று சொன்னது நான்தான். எல்லாக் குடித்தனங்களையும் இரண்டு வீட்டுக்குள் அடக்கிக் காட்டுகிறேன் என்றேன். நெட்வொர்க் பிரிவில் மீசை என்று ஒருவர். பெரிய மீசை வைத்திருந்து எடுத்துவிட்டார், பேர் மட்டும் நின்றுவிட்டது. அவர் கூட்டத்தில் எழுந்து, "ஏழாம் நம்பரத் தனியா விடுங்க. அதுல கை வைக்காதீங்க" என்றார். ஏழாம் எண் என்பது ஆம்புலன்ஸ் ஒதுக்கும் இயந்திரம். அழைப்பு வந்ததும் முகவரியைத் தட்டிப் பொத்தானை அழுத்தினால், பக்கத்தில் எந்த வண்டி சும்மா நிற்கிறது என்று பார்த்து அனுப்பும். நான் எழுந்து எண்களைப் படித்தேன். மீசையிடம் எண்கள் இல்லை, அனுபவம்தான் இருந்தது. இயக்குநர் என் பக்கம் தலையாட்டினார். இரண்டு சர்வர்களை அணைத்த அன்று பின்னறை எவ்வளவு அமைதியாக இருந்தது தெரியுமா? அடுத்த மாதம் என்னைத் தலைமை அளவையாளர் ஆக்கினார்கள். அந்தப் பதவி அதற்கு முன் அங்கே இருந்ததில்லை.

முதல் புகார் டீச்சரம்மாவிடமிருந்து வந்தது. அவர் டீச்சர் இல்லை. அழைப்பு மேசையில் இருபத்திரண்டு வருடம். புதிதாகச் சேருபவர்களுக்கெல்லாம் வேலை கற்றுக்கொடுத்து, தப்புச் செய்தால் சிவப்புப் பேனாவால் சுழித்துச் சுழித்து அந்தப் பேர் வந்துவிட்டது. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்புறமாகக் கட்டுவார்.

"தம்பி, பொத்தான அமுக்கினா வண்டி பேரு வர லேட்டாகுது. முன்ன பட்டுனு வரும். இப்ப நான் ஒன்பது எண்ணிட்டேன்" என்றார்.

நான் பொறுமையாக அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஏழாம் எண்ணுக்குள் நுழைந்து கேட்டேன். பாயின்ட் எட்டு விநாடி என்றது. திரையைத் திருப்பிக் காட்டினேன். அவர் திரையைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது சொல்றது சரின்னா என் வாட்ச் பொய் சொல்லுதா?"

"வாட்ச் பொய் சொல்லலைங்க. நீங்க பதட்டத்துல வேகமா எண்ணியிருப்பீங்க" என்றேன்.

அன்று மாலையே 'பதற்றத்தில் நேரம் நீளும்' என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கம் எழுதி, அழைப்பு மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினேன். நல்ல கட்டுரை. மூச்சுப் பயிற்சிகூடச் சொல்லியிருந்தேன்.

ஆனால் நான் அசட்டையானவன் இல்லை. தனியாக வந்து வெளியிலிருந்தும் அளந்தேன். ஒன்பது விநாடி. டீச்சரம்மா எண்ணியது மிகச் சரி. சும்மா சொல்லக்கூடாது, வாட்சை மட்டும் வைத்துக்கொண்டு அவ்வளவு துல்லியமாக எண்ணுவது எல்லாருக்கும் வராது. அந்த எண்ணை ஒரு தனிக் கோப்பில் எழுதி வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் வெளியிலிருந்து அளந்து அதில் எழுதினேன். இயக்குநருக்குப் போன அறிக்கையில் உள்ளிருந்து அளந்த எண் மட்டும் போகும். இரண்டுமே உண்மையான அளவுகள்தான். நான் எந்த எண்ணையும் மாற்றி எழுதியதில்லை, இதைத் தயவுசெய்து அப்படியே பதிவு செய்துகொள்ளுங்கள்.

சின்னச் சின்னத் தொந்தரவுகள் வந்தன. ஏழாம் எண் அடிக்கடி நின்று நின்று ஓடியதால் அதன் கடிகாரம் பின்தங்கியது. மணிக்கு ஒருமுறை வெளி நேரத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு அதில் இருந்தது. அப்படித் திருத்தும்போது கடிகாரம் ஒரே தாவாகத் தாவும், என் வரைபடத்தில் ஒரு முள் நீட்டிக்கொண்டு நிற்கும். பார்க்கவே சகிக்காது. கூட்டத்தில் யாராவது அதைச் சுட்டிக்காட்டி, "இது என்ன?" என்று கேட்பார்கள். ஆகவே அந்தத் திருத்தத்தை நிறுத்திவிட்டேன். முள் போய்விட்டது. பதிலாக தினமும் காலை ஏழு ஐம்பத்தைந்துக்கு, ஷிப்ட் மாறுகிற இடைவெளியில், நானே கையால் ஒரு வரி தட்டி மணியைச் சரிசெய்வேன். லீவு நாளிலும் வந்து செய்தேன். அவ்வளவு அக்கறை.

டீச்சரம்மா அதையும் கண்டுபிடித்தார். "ஸ்கிரீன்ல மணி மத்தியானத்துக்கு மேல சோம்பல் படுது" என்றார். பிறகு ஒரு நோட்டுப் போட்டார். இடது பக்கம் தன் வாட்சில் பொத்தானை அழுத்திய நேரம், வலது பக்கம் வண்டி பேர் வந்த நேரம். சிவப்புப் பேனாவில். அதோடு நிற்காமல், அவசரம் என்று பட்டால் கணினியை விட்டுவிட்டு நேராக டிரைவருக்கே போன் போட்டு வண்டியை அனுப்ப ஆரம்பித்தார். இது எனக்குப் பெரிய தலைவலி. கணினியைச் சுற்றிக்கொண்டு போகிற வண்டி கணக்கில் வராது. நூறு அழைப்பில் ஏழு அளக்கப்படாமலே போனது.

ஆகவே இயக்குநரிடம் சொல்லி ஒரு சுற்றறிக்கை வாங்கினேன். இயந்திரம் ஒதுக்காமல் யாரும் வண்டி அனுப்பக் கூடாது, மீறினால் மெமோ, மூன்றாவது மெமோவுக்கு வேலை இல்லை. டீச்சரம்மா இரண்டு மாதத்தில் இரண்டு மெமோ வாங்கினார். மீசைதான் அவருக்காக என்னிடம் வந்தார்.

"அந்தம்மாவுக்கு ரிட்டயராக ஒரு வருஷம்தான் இருக்கு. கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார்.

"நான் யாரையும் தனிப்பட்ட முறையில பாக்கறதில்லைங்க" என்றேன். உண்மையில் எனக்கு அந்த அம்மாள்மேல் மரியாதை உண்டு. அங்கே என்னைத் தவிர அளக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

மேலிடத்திலிருந்து ஆய்வுக்குழு வந்திருந்தது. ஒன்பது பேர். இரண்டு சர்வர் திட்டத்தை நாடு முழுக்கக் கொண்டுபோகலாமா என்று பார்க்க வந்தவர்கள். எனக்குப் பதினோரு மணி கொடுத்திருந்தார்கள். பழைய வரைபடங்களைக் காட்டுவது எனக்குப் பிடிக்காது. அவர்கள் கண்ணெதிரே, நேரலையில், எல்லா இயந்திரங்களையும் விநாடிக்கு விநாடி அளந்து காட்ட விரும்பினேன். வழக்கமாக நிமிடத்துக்கு ஒருமுறைதான் அளப்போம். விநாடிக்கு ஒருமுறை என்றால் அளக்கும் இயந்திரத்துக்கே நிறைய அடுப்பு வேண்டும். கோடு திக்கித் திணறினால் ஒன்பது பேர் முன்னால் மானம் போய்விடும். அதனால் பத்து ஐம்பதுக்கு, அளக்கும் இயந்திரத்துக்கு அடுப்பில் முதல் முறை கொடுத்தேன். யாருக்காவது கடைசி முறை போக வேண்டுமே. ஏழாம் எண்தான் எப்போதும் பொறுமையாக இருக்கும், உள்ளிருந்து கேட்டால் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதற்குக் கடைசி முறை கொடுத்தேன்.

பச்சைக் கோடுகள் பிரமாதமாக ஓடின. பெரிய திரையில் ஒரு நடுக்கம் இல்லை. உள்ளிருந்து கேட்ட எண்கள்தான், பதில் வராத இயந்திரத்துக்கு அது கடைசியாகச் சொன்ன எண்ணே கோடாக நீளும். குழுவில் ஒருவர் பேனாவை மூடி வைத்துவிட்டு ரசிக்கவே ஆரம்பித்துவிட்டார். பதினொன்று மூன்றுக்குக் கதவு திறந்தது. டீச்சரம்மா. காதில் மாட்டும் கருவி கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மேசையை விட்டு எழுந்து வந்து நான் பார்த்ததே இல்லை.

"தம்பி, ஸ்கிரீன் அப்படியே நின்னுபோச்சு. ஒரு நிமிஷமா வண்டி பேரு வரல" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "லைன்ல உங்க அக்கா. உங்க அத்தான் நெஞ்சப் புடிச்சிட்டு கீழ விழுந்துட்டாராம். ரெண்டு தெரு தள்ளி வண்டி சும்மாதான் நிக்குது. நான் போன் போட்டு அனுப்பிடட்டுமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

என் விரல்கள் கீபோர்டின் மேல்தான் இருந்தன. அளப்பதை நிறுத்தும் கட்டளை ஒரே வரி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தட்டுவேன். தட்டியிருந்தால் ஏழாம் எண் அந்த நொடியே விழித்து வண்டியை அனுப்பியிருக்கும். ஆனால் கோடு அறுந்திருக்கும். அறுந்த கோட்டைப் பிறகு ஒட்ட முடியாது. அந்த இடைவெளி அந்த வரைபடத்தில் நிரந்தரமாக நின்றுவிடும். "போட்டு அனுப்புங்க" என்று சொல்லியிருந்தாலும், கணினியைத் தாண்டி வண்டி அனுப்ப ஒன்பது பேர் முன்னால் நானே அனுமதி கொடுத்ததாக ஆகியிருக்கும்.

நான் பெரிய திரையைக் கைகாட்டினேன். "பாருங்கம்மா, ஏழாம் நம்பர் பச்சையாத்தான் இருக்கு. நீங்க சீட்டுக்குப் போங்க" என்றேன்.

அவர் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உட்புறமாகக் கட்டியிருந்த வாட்சைத் திருப்பி ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். குழுவிடம், "சீனியர் ஊழியர், கொஞ்சம் பதட்டப்படுவாங்க" என்றேன். சிரித்தார்கள். அத்தான் நல்ல மனிதர். எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இதைச் சொல்லும்போது என் குரலில் மாற்றம் இருக்கிறதா என்று கவனித்தீர்களா? இல்லை.

டீச்சரம்மா மேசைக்குப் போய், திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் சொந்த போனில் டிரைவரைக் கூப்பிட்டு அனுப்பிவிட்டார். பொத்தானை அழுத்தி நான்கு நிமிடம் இருபது விநாடி கழித்து. அதற்குப் பின் வந்த ஐந்து அழைப்புகளுக்கும் அப்படியே வண்டி அனுப்பினார். அந்த ஐந்து பேரும் பிழைத்தார்கள். அத்தானைத் தூக்கிக்கொண்டு போனபோது டாக்டர், "ஒரு மூணு நிமிஷம் முன்ன வந்திருந்தாகூட காப்பாத்தியிருக்கலாம்" என்று அக்காவிடம் சொன்னாராம். டாக்டர்கள் இப்படித் தோராயமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

கைதட்டல் முடிந்து நான் அளப்பதை நிறுத்தியபோது பதினொன்று பதினேழு. ஏழாம் எண் விழித்தது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, அத்தானுக்கு ஒரு வண்டியை ஒதுக்கியது. தன் பதிவில் இப்படி எழுதிக்கொண்டது: பதினொன்று இரண்டுக்கு அழைப்பு, இரண்டு விநாடியில் வண்டி ஒதுக்கீடு. அது பொய் சொல்லவில்லை. அதைப் பொறுத்தவரை இரண்டு விநாடிதான் ஆனது. நான் வழக்கம்போல ஒரு வரி தட்டி மணியைச் சரிசெய்தேன்.

துறை விசாரணை வந்தது. இயந்திரம் இரண்டு விநாடியில் வண்டி ஒதுக்கியிருக்கிறது, டீச்சரம்மாவோ நான்கு நிமிடம் கழித்துத்தான் டிரைவரைக் கூப்பிட்டிருக்கிறார். டிரைவர், "மெசேஜ் எனக்குக் கால் மணி நேரம் கழிச்சுத்தாங்க வந்துச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். ஆனால் அவர் கையில் இருந்த செய்தியிலேயே பதினொன்று இரண்டு என்று அச்சாகியிருந்தது, ஏனென்றால் செய்தியில் விழுவது ஏழாம் எண்ணின் நேரம். என்னைக் கேட்டார்கள். "இயந்திரத்தோட பதிவுல ரெண்டு விநாடின்னுதான் இருக்கு" என்றேன். இருந்ததே. அவர் அறைக்கு வந்து கேட்டதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஆறு விதிமீறல்கள் என்று எழுதி டீச்சரம்மாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். பிழைத்த ஐந்து பேருக்கு ஐந்து மீறல், அத்தானுக்கு ஒன்று.

காரியம் முடிந்து இரண்டாவது வாரம் அக்கா, "அந்தம்மா வீட்ட எனக்குக் காட்டு" என்றாள். நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். அக்கா வாசலில் நின்று, வாய்க்கு வந்தபடியெல்லாம் பேசினாள். "என் குடியக் கெடுத்துட்டியே, ஒரு பொத்தான அமுக்க உனக்கு நாலு நிமிஷமா?" என்று மண்ணை வாரித் தூற்றினாள். டீச்சரம்மா கதவைச் சாத்தவில்லை. தலையைக் குனியவும் இல்லை. வண்டியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பதினான்கு நிமிடம். வரும் வழியில் அக்காவுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். டீச்சரம்மா தன் நோட்டை மீசையிடம் கொடுத்தார். மீசை ஒரு சாதாரண நாளில் ஏழாம் எண்ணை வெளியிலிருந்து அளந்தார். ஒன்பது விநாடி வந்தது, அதை உங்களிடம் கொண்டுவந்து மறுவிசாரணை கேட்டார். உங்கள் அறிக்கை அதை அப்படியே எடுத்து, பதினொன்றாம் பக்கத்தில், 'சம்பவத்தன்று இயந்திரத்தின் தாமதம் ஒன்பது விநாடி' என்று எழுதிவிட்டது. இதுதான் தவறு. ஒரு நாளின் அளவை இன்னொரு நாளுக்குப் போடக் கூடாது. எங்கள் தொழிலில் இதைவிட அசிங்கம் கிடையாது. அதிலும் ஒன்பது விநாடி என்று போட்டுவிட்டு, மீதி நான்கு நிமிடம் பதினொரு விநாடியை டீச்சரம்மாவின் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு கச்சிதமாக அளக்கிற ஒரு பெண்மணியின் பேரில் அப்படி ஒரு எண் நிற்பதை என்னால் சகிக்க முடியவில்லை.

அன்றும் நான் வெளியிலிருந்து அளந்துகொண்டுதான் இருந்தேன். திரையில் காட்டவில்லை, கோப்பில் எழுதிக்கொண்டிருந்தது. இதோ அந்தக் கோப்பு. சரியான எண் பதினைந்து நிமிடம் பதினொரு விநாடி. டீச்சரம்மா வந்து நின்றபோதும் என் மடியிலிருந்த சின்னத் திரையில் அது ஏறிக்கொண்டேதான் இருந்தது. எழுபத்து நான்கு, எழுபத்தைந்து, எழுபத்தாறு. நான் அதைப் பார்த்துக்கொண்டுதான், பச்சையாக இருக்கிறது என்று சொன்னேன். அத்தானுக்கு வண்டி போகாமல் பிடித்து வைத்தது நான்தான். வேண்டுமானால் இதைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் எண்ணைத் திருத்திவிடுங்கள்.

மனசாட்சி உறுத்தவில்லையா என்று கேட்கப்போகிறீர்கள். அதையும் அளந்து பார்த்துவிட்டேன். இரவு ஏழு மணி நேரம் தூங்குகிறேன். நாடித் துடிப்பு எழுபத்திரண்டு. எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கை நடுக்கம் கிடையாது. எனக்குள் எல்லாம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கிறது.

வீட்டிலும் எந்தப் பிரச்சினையும் இல்லை. அக்கா என்னோடுதான் இருக்கிறாள். அந்த நோட்டு விஷயம் வெளியே வந்த அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்தம்மா உள்ள வந்து என் பேரச் சொன்னாங்களா?" நான் பொய் சொல்கிறவன் இல்லை. "சொன்னாங்க" என்றேன். அதோடு சரி. தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். நாற்பத்தொரு நாளாக ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். கொஞ்ச நாளில் சரியாகிவிடும்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? நேரத்தையும் எழுதிவிடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். என்னைப் பற்றி அக்காவிடம் போய் விசாரிக்க வேண்டாம். வெளியிலிருந்து அளந்தால் எண் எப்போதும் மோசமாகத்தான் வரும்.